மின்சாரத்தை அடக்கும் வித்தை

நம் வீடுகளில் ஓயாமல் திருப்பப்படும் பொருள் எது என்று கேட்டால், கடிகாரத்தின் சாவி என்று நம் பாட்டனார் காலத்தவர் சொல்லியிருப்பார்கள். இக்காலத்தில் அந்தப் பதவி மின்விசிறியின் ரெகுலேட்டர் குமிழுக்கே உரியது. தாத்தாவுக்குக் காற்று அதிகமானால் முழங்கால் வலிக்கும். ஆகையால் அவர் அதை இரண்டில் வைப்பார். பேரனுக்கோ ஐந்துக்குக் குறைந்தால் பாடம் மண்டையில் ஏறாது. தாயார் வந்து இருவருக்கும் பொதுவாக மூன்றில் நிறுத்திவிட்டுப் போவார். இந்தச் சமரசம் நாள்தோறும் நடைபெறுகிறது.

இதில் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. குமிழை ஐந்திலிருந்து இரண்டுக்கு இறக்கினோமே, விசிறிக்குப் போகாமல் நின்ற மின்சாரம் எங்கே போயிற்று? அது மிச்சமாயிற்றா, வீணாயிற்றா? அதற்கும் சேர்த்து நாம் பணம் கட்டுகிறோமா, இல்லையா?

வகுப்பில் இந்தக் கேள்வியை நாம் பல தடவை போட்டதுண்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஓம் விதியைப் பிழையின்றி ஒப்பிக்கும் பிள்ளைகள் இரு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "மிச்சம்" என்பது ஒரு கட்சி. "வீண்" என்பது மற்றொன்று. எந்தக் காலத்துக் குமிழ் சுவரில் பதிந்திருக்கிறது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றுவதில்லை. விடை அதைப் பொறுத்தே இருக்கிறது.

மின்சாரத்தை அடக்கி ஆள்வதற்கு உலகத்தில் இரண்டே வழிகள்தாம் உண்டு. வந்ததில் வேண்டாததை எரித்துவிடுவது ஒன்று. வேண்டிய அளவை மட்டுமே வரவிடுவது மற்றொன்று. முன்னது எளிது, பின்னது சிக்கனம். சென்ற இருநூறு ஆண்டுகளாக முன்னதிலிருந்து பின்னதற்குப் போவதே மின்சாரக் கலையின் பயணமாக இருந்து வந்திருக்கிறது. அந்தப் பயணம் முழுவதையும் நம் வீட்டுச் சுவரிலேயே பார்த்துவிடலாம்.

ஓர் உபாத்தியாயரின் விதி

முதலில் மூன்று அளவைகளைத் தெரிந்துகொள்வோம். மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தொட்டி உயர உயரக் குழாயில் நீரின் அழுத்தம் மிகும். மின்சாரத்தில் அந்த அழுத்தத்தை வோல்ட் என்ற அளவால் குறிக்கிறோம். குழாயில் ஓடும் நீரின் அளவைப் போன்றது ஆம்பியர். இவ்விரண்டையும் பெருக்கினால் கிடைப்பது வாட். அதுதான் வேலை செய்யும் சக்தி. ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் செலவானால் அதுவே ஒரு யூனிட். நாம் பணம் கட்டுவது இந்த யூனிட்டுக்குத்தான். வோல்ட்டுக்கும் அன்று, ஆம்பியருக்கும் அன்று. கட்டுரையின் இறுதி வரையில் நேயர்கள் இதை மறவாமல் இருக்க வேண்டும்.

அழுத்தத்துக்கும் ஓட்டத்துக்கும் உள்ள உறவைக் கண்டு சொன்னவர் ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயர் என்பதில் நமக்குச் சற்றுப் பெருமை உண்டு. ஜெர்மனியில் கொலோன் நகரத்துப் பள்ளியொன்றில் கணிதமும் பௌதிகமும் கற்பித்து வந்த கேயார்க் சைமன் ஓம், 1827-ஆம் ஆண்டில் தம் ஆராய்ச்சியை நூலாக வெளியிட்டார். அழுத்தம் இரட்டித்தால் ஓட்டமும் இரட்டிக்கும். தடை இரட்டித்தால் ஓட்டம் பாதியாகும் என்பதே அவர் கண்டது. இத்தனை எளிய உண்மையை அவருடைய நாட்டார் முதலில் மதிக்கவில்லை. 1841-இல் லண்டன் ராயல் சொஸைட்டி காப்லி பதக்கம் அளித்த பிறகே அவருடைய பெயர் பரவிற்று. 1881-இல் பாரிஸில் கூடிய மின்சார மாநாடு தடையின் அளவைக்கு அவர் பெயரையே சூட்டியது.

எரித்து அடக்குவது

ஓம் கண்ட விதியை அப்படியே பெட்டிக்குள் வைத்ததுதான் பழைய ரெகுலேட்டர். உள்ளங்கை அளவு கனமான கறுப்புப் பெட்டி ஒன்று ஸ்விட்ச் பலகையின்மேல் வீற்றிருந்ததை நாற்பது வயதைக் கடந்த நேயர்கள் அறிவார்கள். அதனுள்ளே பீங்கான் உருளையின்மேல் தடைக்கம்பி சுற்றப்பட்டிருக்கும். குமிழை இரண்டில் வைத்தால் மின்சாரம் நீளமான கம்பியைக் கடந்து விசிறிக்குப் போக வேண்டும். நான்கில் வைத்தால் குட்டையான கம்பியைக் கடந்தால் போதும். ஐந்தில் கம்பியே இல்லை.

வாய்க்காலில் கல்லைப் போட்டால் நீரின் வேகம் குறைகிறது. ஆனால் கல்லில் மோதிய வேகம் மாயமாய் மறைவதில்லை. கம்பியிலும் அப்படியே. அங்கே இழந்த அழுத்தம் அனைத்தும் உஷ்ணமாகிறது. இந்தப் பெட்டியைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்ததன் காரணம் அதுவே. சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 230 வோல்ட்டில் 0.3 ஆம்பியர் எடுத்துச் சுழலும் விசிறிக்கு ஏறத்தாழ 70 வாட் செலவு. 400 ஓம் தடையைக் குறுக்கே வைத்து ஓட்டத்தை 0.2 ஆம்பியராகக் குறைத்தோம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது மொத்தச் செலவு ஏறத்தாழ 46 வாட். ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால், கம்பியில் எரிவது 16 வாட் என்று தெரியும். எஞ்சிய 30 வாட்தான் விசிறிக்குப் போகிறது.

ஆகவே, "பழைய ரெகுலேட்டரில் மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் ஒரே செலவு" என்று ஊரில் வழங்கும் பேச்சு முழு உண்மை அன்று. 70 வாட் 46 ஆகக் குறைந்தது மிச்சந்தான். ஆனால் அந்த 46-இல் மூன்றில் ஒரு பங்கு ஒருவருக்கும் உதவாமல் சுவரைச் சூடாக்குகிறது. கோடையில் காற்றுக்காக விசிறியைப் போட்டு, அதே அறையில் ஒரு சிறு அடுப்பையும் மூட்டி வைத்தாற் போன்ற காரியம் இது! தினம் பத்து மணி நேரம் ஓடினால், அந்த அடுப்பு மட்டும் மாதத்துக்கு ஏறத்தாழ 5 யூனிட்டை விழுங்கும்.

எரித்து அடக்கும் முறை விசிறியோடு நின்றுவிடவில்லை. ரேடியோ முதலிய கருவிகளில், 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கி அசையாமல் நிறுத்தித் தருவதற்கு மூன்று கால்களையுடைய சிறு சில்லு ஒன்றை வைப்பதுண்டு. ரிப்பேர்க் கடைக்காரர்கள் அதை 7805 என்ற எண்ணாலேயே அழைப்பார்கள். வேலையில் அது வெகு நேர்மையானது. உள்ளே வரும் அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் வெளியே 5 வோல்ட் பிசகாது. ஆனால் எஞ்சிய 7 வோல்ட்டை அது எரித்தே தீர வேண்டும். ஒரு ஆம்பியர் ஓடும்போது உள்ளே வருவது 12 வாட். நமக்குக் கிடைப்பது 5 வாட். சில்லில் எரிவது 7 வாட். சூட்டைத் தாங்க அதன் முதுகில் அலுமினியத் தகடு ஒன்றையும் கட்டிவிட வேண்டும். தொண்டு செய்பவனைவிடத் தோட்டி கூலி அதிகமானால் வீடு எப்படி நடக்கும்?

திருப்பித் தரும் இருவர்

வீட்டுக்கு வரும் மின்சாரம் ஒரே திசையில் ஓடுவதன்று. வினாடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக ஊசலாடுகிறது. 230 வோல்ட் என்று நாம் சொல்வது ஒருவகைச் சராசரி. அலையின் உச்சியில் அழுத்தம் ஏறத்தாழ 325 வோல்ட் வரை ஏறி, பிறகு சுன்னத்துக்கு இறங்கி, எதிர்த்திசையிலும் அவ்வளவே ஏறும். இந்த ஊசலாட்டம் இருப்பதனாலேயே எரிக்காமல் அடக்கும் வழி ஒன்று பிறந்தது.

இரண்டு உலோகத் தகடுகளை இடையில் மின்சாரம் கடத்தாத மெல்லிய தாள் வைத்து அடுக்கினால் அது கண்டென்சர். 1745-46-ஆம் ஆண்டுகளில் ஜெர்மானியரான க்ளைஸ்டும் ஹாலந்து தேசத்து லைடன் நகரில் முஸ்ஸென்புரூக்கும் தனித்தனியே கண்ணாடிக் குடுவையில் இதைக் கண்டுபிடித்தார்கள். இது மின்சாரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். அலை திரும்பும்போது வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஊஞ்சலை எதிர்நின்று பிடிப்பவன் அதன் வேகத்தைத் தன் கையில் தாங்கி, மறு வீச்சில் திருப்பி அனுப்புவது போல என்று கொள்ளலாம். ஓட்டம் கட்டுப்படுகிறது, எரிவதோ ஏறத்தாழ ஒன்றுமில்லை.

கண்டென்சரின் கொள்ளளவு பெரிதாக, அதன் தடுப்பு சிறிதாகும். 50 அலை கொண்ட நம் மின்சாரத்துக்கு ஒரு மைக்ரோபாரட் கண்டென்சர் ஏறத்தாழ 3,180 ஓம் தடுப்பைத் தரும், 3.3 மைக்ரோபாரட் என்றால் 965 ஓம்தான். இக்காலத்தில் சுவருக்குள் அடங்கிவிடும் படிப்படியான ரெகுலேட்டருக்குள் இத்தகைய இரண்டு மூன்று கண்டென்சர்களே இருக்கின்றன. 'டக், டக்' என்று படி மாறும்போது ஒன்றையோ பலவற்றையோ சேர்த்து விசிறியின் வழியில் நிறுத்துகிறோம். அது சூடேறுவதில்லை, இரைச்சல் போடுவதுமில்லை.

விசிறியின் தலைக்குள்ளும் கண்டென்சர் ஒன்று உண்டு, பெரும்பாலும் 2.5 மைக்ரோபாரட். சுழலத் தொடங்கும் திசையையும் பலத்தையும் தருவது அதுதான். வயதானால் அதன் கொள்ளளவு குறையும்; விசிறி ஐந்திலும் சோம்பிச் சுழலும். இதை அறியாமல் புது ரெகுலேட்டரும் சில சமயம் புது விசிறியுமே வாங்கிவிடுகிறார்கள். அனேகமாக, விலை மலிந்த அந்தக் கண்டென்சரை மாற்றினாலே விசிறிக்கு இளமை திரும்பிவிடும்.

கண்டென்சருக்கு ஒரு சகோதரன் உண்டு. இரும்பின்மேல் கம்பியைச் சுற்றிய சோக்குதான் அது. இதுவும் அலையை எரிக்காமல் தடுக்கிறது. ஆனால் அழுத்தத்தாலன்றிக் காந்தத்தால் தடுக்கிறது. பழைய டியூப் லைட்டின் பக்கத்தில் கனமாக உட்கார்ந்து ரீங்காரம் செய்த சோக்கு, விளக்கு அளவுக்கு மிஞ்சி மின்சாரத்தை இழுத்துத் தானே அழிந்துபோகாமல் காத்து வந்தது. சுருளின் கம்பியிலும் இரும்பிலும் சிறிது நஷ்டம் உண்டு. என்றாலும் தடைக்கம்பியோடு ஒப்பிட்டால் அது உத்தமன்.

முறை வைத்து விடும் நீர்க்கட்டி

நம் ஏரிப் பாசனத்தில் முறை வைத்து நீர் விடும் வழக்கம் உண்டு. மடையைப் பாதி திறந்து வைப்பதற்குப் பதிலாக, நீர்க்கட்டி அதை முழுவதும் திறந்து சில நாழிகை விட்டு, முழுவதும் மூடிவிடுவார். யாருக்கு எவ்வளவு நீர் என்பது எவ்வளவு நேரம் என்பதாக மாறிவிடுகிறது. இந்த யுக்தியே இன்றைய மின்கட்டுப்பாட்டின் உயிர்நாடி. முழுவதும் திறந்த மடையில் தடையில்லை, ஆகையால் நஷ்டமில்லை. முழுவதும் மூடிய மடையில் ஓட்டமில்லை, ஆகையால் அங்கும் நஷ்டமில்லை. எரிச்சல் எல்லாம் இரண்டும் கெட்டான் நிலையில்தான்.

இஸ்திரிப் பெட்டியில் இது மெதுவாக நடக்கிறது. இரு உலோகங்களை ஒட்டிய பட்டை சூட்டில் வளைந்து மின்சாரத்தை நிறுத்தும். ஆறினால் நிமிர்ந்து சேர்க்கும். பெட்டியின் சிறு விளக்கு அணைந்து அணைந்து எரிவது அதனாலேயே. ஆனால் விளக்கையோ விசிறியையோ இப்படி நிறுத்தி நிறுத்தி ஓட்ட முடியாது. கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் மடையைத் திறந்து மூடும் நீர்க்கட்டி ஒருவர் தேவைப்பட்டார்.

1947-ஆம் ஆண்டு டிசம்பரில், நம் நாடு சுதந்திரம் பெற்று நான்கு மாதங்கள் கழித்து, அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிசாலையில் பார்டீனும் பிராட்டனும் முதல் டிரான்ஸிஸ்டரை இயக்கிக் காட்டினார்கள். ஷாக்லியையும் சேர்த்து மூவருக்கும் 1956-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியார் பெரிய மின்சாரத்தையும் தாங்கவல்ல தைரிஸ்டர் என்னும் சிலிக்கன் சாதனத்தை உண்டாக்கினார்கள். அது ஒரு திசையில் மட்டும் வேலை செய்யும். இரு திசையிலும் வேலை செய்யும் ட்ரையாக் 1960-களில் வந்தது. நாடகக் கொட்டகைகளில் அலமாரி அலமாரியாகத் தடைச்சுருள்களை வைத்து விளக்கை மங்கச் செய்துகொண்டிருந்த வேலை, சுவருக்குள் பதிக்கும் சிறு டப்பாவில் அடங்கிப் போயிற்று.

ட்ரையாக் வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறோம். வினாடிக்கு 50 அலை என்றால், ஒவ்வொரு அரை அலைக்கும் வினாடியில் நூறில் ஒரு பங்கு நேரம். அரை அலை புறப்பட்டதும் ட்ரையாக் உடனே கதவைத் திறப்பதில்லை. பக்கத்தில் சிறு கண்டென்சர் ஒன்று மெல்ல மெல்ல நிறைந்துகொண்டிருக்கிறது. அது ஏறத்தாழ 30 வோல்ட்டுக்கு நிறைந்ததும் டையாக் என்ற மணிக்காரன் மணியடிக்கிறான். கதவு முழுவதும் திறக்கிறது. அலை சுன்னத்துக்கு இறங்கும்போது கதவு தானே மூடிக்கொள்ளும். நாம் குமிழைத் திருப்பும்போது செய்வதெல்லாம், அந்தச் சிறு கண்டென்சர் நிறையும் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும்தான். இழைவிளக்கு ஒன்றில், சரியாக அரை அலையின் நடுவில் கதவு திறந்தால், போகும் சக்தி சரிபாதி. அழுத்தத்தின் கணக்கு 163 வோல்ட். ட்ரையாக்கில் எரிவதோ அரை வாட்டுக்கும் குறைவு!

ஆனால் குறையில்லாத குணம் எது? அலையின் நடுவில் கதவு திடீரென்று திறப்பதால் விசிறிச் சுருள் அதிர்ந்து 'ங்ஙொய்' என்று முனகும். பக்கத்து ரேடியோவில் கரகரப்புக் கேட்கும். இந்த முனகலைச் சகியாதவர்கள் கண்டென்சர் ரெகுலேட்டரை வாங்கலாம். படியில்லாமல் வழுவழுப்பாகத் திரும்பும் குமிழ் பெரும்பாலும் ட்ரையாக். படிப்படியாக நின்று நின்று திரும்பும் மெல்லிய குமிழ் பெரும்பாலும் கண்டென்சர். எல்.இ.டி. விளக்குக்கு மங்கற்குமிழ் வைப்பதாயின், மங்கச் செய்யத் தக்கது என்று உறையில் அச்சிட்ட விளக்கையே வாங்க வேண்டும். அல்லாவிடில் விளக்கு கண் சிமிட்டிக் கண் சிமிட்டி ஆயுளை முடித்துக்கொள்ளும்.

மாற்றித் தருவது வேறு, உண்டாக்குவது வேறு

தெருக்கோடியில் நிற்கும் டிரான்ஸ்பார்மர் இன்னொரு வகை வித்தைக்காரர். 1831-இல் மைக்கேல் பாரடே இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்களைச் சுற்றி, ஒன்றில் மாறும் மின்சாரம் மற்றொன்றிலும் மின்சாரத்தை எழுப்பக் கண்டார். சுற்றுகளின் எண்ணிக்கையைப் பொறுத்து அழுத்தம் ஏறும், அல்லது இறங்கும். 11,000 வோல்ட்டில் வரும் மின்சாரம் இதனால்தான் நம் வீட்டுக்கு 230 வோல்ட்டாக வருகிறது. அழுத்தம் பத்து மடங்கானால் அதே சக்திக்கு ஓட்டம் பத்தில் ஒன்று. கம்பியில் எரியும் உஷ்ணமோ நூறில் ஒன்று. மலையில் பிறந்த மின்சாரம் சமவெளிக்கு வந்து சேர்வது இந்தக் கணக்கின் பலத்தால்தான்.

டிரான்ஸ்பார்மரின் வீட்டுக் குழந்தைதான் ஸ்டெபிலைசர். மாலையில் மின்னழுத்தம் தாழ்ந்தால் குளிர்ப்பெட்டியின் மோட்டார் கிளம்ப முடியாமல் திணறி, அதிக மின்சாரத்தை இழுத்துச் சூடேறும். ஸ்டெபிலைசர் அழுத்தத்தை அளந்து பார்த்து, 'டிக்' என்ற ஓசையுடன் சுருளில் வேறொரு கிளைக்கு மாறி அழுத்தத்தை ஏற்றிக் கொடுக்கிறது. மோட்டார் பிழைக்கிறது.

ஆயினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். ஸ்டெபிலைசர் மின்சாரத்தை உற்பத்தி செய்வதில்லை. 230 வோல்ட்டில் 4 ஆம்பியர் வேண்டுமானால் 920 வாட். தெருவில் 180 வோல்ட்தான் இருக்கிறது என்றால், அதே 920 வாட்டுக்காக அது தெருக்கம்பியிலிருந்து 5 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இழுப்பு மிகுந்தால் கம்பியில் அழுத்தம் இன்னும் தாழும். ஒரு வீட்டின் அழுத்தம் உயர்வது அடுத்த வீட்டின் அழுத்தத்தைச் சிறிது தாழ்த்தியே நடக்கிறது. எல்லாரும் கிணற்றை ஆழப்படுத்தினால் ஊரின் நீர்மட்டம் என்னவாகும்? ஸ்டெபிலைசர் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தெருவின் அழுத்தம் தாழ்ந்தால், வீட்டுக்கு ஒரு பெட்டி வாங்குவதோடு நில்லாமல், தெருவார் சேர்ந்து கம்பியையும் டிரான்ஸ்பார்மரையும் பலப்படுத்தும்படி மின்வாரியத்தாரைக் கேட்பதே முறையான பரிகாரம்.

புது விசிறியின் ரகசியம்

மணிக்காரன் நூறு தடவை மணியடித்த காலம் போய், ஒரு வினாடியில் லட்சம் தடவை மடையைத் திறந்து மூடும் காலம் வந்துவிட்டது. கைப்பேசியின் சார்ஜரைப் பாருங்கள். அது 230 வோல்ட்டை முதலில் ஒரே திசையில் ஓடும் 325 வோல்ட்டாக்கிக் கண்டென்சரில் தேக்குகிறது. பிறகு டிரான்ஸிஸ்டர் ஒன்று அதைக் கணக்கற்ற சிறு துணுக்குகளாக நறுக்குகிறது. துணுக்குகள் சிறிதாக இருப்பதால் டிரான்ஸ்பார்மரும் சுண்டைக்காய் அளவு போதும். வெளியே 5 வோல்ட் சரியாக இருக்கிறதா என்று சில்லு ஓயாமல் பார்த்து, கூடினால் திறக்கும் நேரத்தைக் குறைக்கிறது, குறைந்தால் கூட்டுகிறது. முற்காலத்து அடாப்டர் கல்லைப் போல் கனத்துக் காய்ந்ததும், இன்றைய சார்ஜர் சட்டைப்பையில் அடங்குவதும் இந்த வித்தியாசத்தால்தான்.

இந்த முறையைக் கூரைக்கு ஏற்றியதுதான் பி.எல்.டி.சி. விசிறி. பழைய விசிறியில் ரெகுலேட்டரைத் திருத்திவிட்டாலும் மோட்டாருக்குள் ஒரு நஷ்டம் எஞ்சி நிற்கிறது. அங்கே காந்தப்புலம் எப்போதும் ஒரே வேகத்தில் சுழல்கிறது. நாம் விசிறியை மெதுவாக்கினால் சுழலி அதற்குப் பின்தங்குகிறது. பின்தங்கிய அளவுக்குச் சுழலியில் சக்தி உஷ்ணமாகிறது. புது விசிறியிலோ சுழலியே நிலைக்காந்தம். காந்தப்புலத்தின் வேகத்தையே சில்லு மாற்றுகிறது. இரண்டும் கைகோத்துச் சுழல்வதால் பின்தங்குதல் இல்லை. இன்னொரு லாபமும் உண்டு: காற்றைத் தள்ளுவதற்கு வேண்டிய சக்தி வேகத்தின் கனத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் காற்றுக்கு வேண்டிய சக்தி எட்டில் ஒன்று. இந்தச் சலுகையைப் பழைய விசிறி பாதியிலேயே விழுங்கிவிடும். புது விசிறி பெரும்பகுதியை நமக்கே தந்துவிடும்.

முழு வேகத்தில் பழைய விசிறி 75 வாட், புதியது 30 வாட் என்று கொண்டால் வித்தியாசம் 45 வாட். தினம் 12 மணி நேரம் ஓடும் வீட்டில் ஒரு விசிறிக்கு மாதம் 16 யூனிட் மிச்சம். ஆண்டுக்கு ஏறத்தாழ 200. விசிறி வாங்குவோர் கடைக்காரரின் வாய்ச்சொல்லைக் கேட்பதோடு, அதன் உறையில் ஒட்டியுள்ள நட்சத்திரச் சீட்டையும் வாசிக்க வேண்டும். கூரை விசிறிகளுக்கு இந்தச் சீட்டு 2023-ஆம் ஆண்டு ஜனவரி முதல் கட்டாயமாயிற்று. ஓர் எச்சரிக்கை: புது விசிறி தன் கட்டுப்பாட்டைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. அதைப் பழைய ரெகுலேட்டரின் வழியாக இணைப்பது, படித்துத் தேறிய பிள்ளையை மறுபடி அரிச்சுவடிக்கு அனுப்புவது போலாகும், சில்லு பழுதாகும். ரெகுலேட்டரை விலக்கிவிட்டு நேராக இணைக்கச் சொல்லவேண்டும்.

மாயப் பெட்டி

இத்தனையும் தெரிந்துகொள்வதால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்கிறோம். "இதைச் சுவரில் செருகினால் மின்கட்டணம் பாதியாகும்" என்று விளம்பரத்துடன் சிறு பெட்டிகள் விற்கப்படுகின்றன. அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு கண்டென்சரும், பச்சை விளக்கும், அந்த விளக்குக்கு வேண்டிய சில்லறைச் சாமான்களுமே. கண்டென்சர் வாங்கியதைத் திருப்பித் தரும் என்று மேலே கண்டோம். மோட்டாருக்கும் கம்பிக்கும் இடையே வீணே போய்வரும் ஓட்டத்தை அது சிறிது குறைக்கக்கூடும். பெரிய தொழிற்சாலைகளுக்கு அதில் பிரயோஜனம் உண்டு. ஆனால் வீட்டு மீட்டர் எண்ணுவது வேலை செய்த சக்தியை, அதாவது யூனிட்டை. போய்வரும் ஓட்டத்துக்கு வீட்டார் பணம் கட்டுவதே இல்லை. கட்டாத பணத்தில் மிச்சம் பிடிப்பது எப்படி? பச்சை விளக்கு எரிவதற்கான செலவுதான் மிச்சம்!

இப்பெட்டியால் ஏமாறுபவர்களில் பட்டதாரிகளும் உண்டு. ஓம் விதியை எழுதிப் பத்து மதிப்பெண் வாங்கியவர், அதே விதி தம் வீட்டுச் சுவரில் ஓடுவதைக் காணாதிருப்பது, நாம் கற்பிக்கும் முறையின் குறையேயாகும். புத்தகத்திலிருக்கும் விஞ்ஞானம் பரீட்சைக்கு உதவும். சுவரிலிருக்கும் விஞ்ஞானம்தான் குடும்பத்துக்கு உதவும்.

பெற்றோருக்கு நமது வேண்டுகோள் இது. பிள்ளைகளை மின்கம்பியைத் தொடவிட வேண்டாம். ட்ரையாக் குமிழைச் சுன்னத்தில் வைத்தாலும் விசிறியில் மின்சாரம் அற்றுவிட்டதாக எண்ணக்கூடாது. கண்டென்சரோ, இணைப்பை நீக்கிய பிறகும் சிறிது நேரம் அடிக்கும் வல்லமை உடையது. மெயின் ஸ்விட்சை நிறுத்தி, தேர்ந்த எலெக்ட்ரீஷியனைக் கொண்டே வேலை பார்க்க வேண்டும். ஆனால் அவர் பழைய பெட்டியைக் கழற்றிய பிறகு, அதைக் குப்பையில் எறியாமல், நன்கு ஆறவிட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள். திறந்து பார்க்கட்டும். தடைக்கம்பி இருக்கிறதா, கண்டென்சர் இருக்கிறதா, மூன்று காலுள்ள சில்லு இருக்கிறதா என்று அவர்களே கண்டு சொல்லட்டும். பிறகு வீட்டு மீட்டரின் எண்ணைக் காலையிலும் மாலையிலும் குறித்து, ஒரு வாரக் கணக்கை எழுதிவரச் செய்யுங்கள்.

எரித்து அடக்குவதை விட்டு அளந்து விடுவதற்கு வந்து சேர மனிதனுக்கு நெடுங்காலம் பிடித்தது. அந்தப் பாடத்தைக் கற்க நம் குழந்தைகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் போதும்.